பழைய குடித்தனம் காலி, வாடை மட்டும் காலி செய்யவில்லை

வேலூரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்று. வீட்டுக்காரர் பூட்டைத் திறந்ததுமே ஊதுவத்தி வாசனை ஆளைத் தூக்கினால், உடனே அட்வான்ஸை எடுத்து நீட்டாதீர்கள். காலி வீட்டில் ஒரு சாமி படம்கூட இருக்காது. அப்புறம் யாருக்காக அந்த ஊதுவத்தி? இன்னொரு நாள், சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பாருங்கள். ஊதுவத்தி அடங்கிய வீட்டில் அடியில் இருப்பது மேலே வந்திருக்கும். சிகரெட், மீன் கவிச்சி, பூனை மூத்திரம், ஈரச் சுவர், எண்ணெய்ச் சிக்கு, இப்படி ஏதாவது ஒன்று.

இந்த ஊரில் வீடுகள் அடிக்கடி கை மாறுகின்றன. சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள் ஊருக்குள் அறை எடுத்து, வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில், சமைத்துச் சாப்பிட்டுத் தங்குகிறார்கள். காட்பாடியில் கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேராகச் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்து, படிப்பு முடிந்ததும் அடுத்த செட் பிள்ளைகளிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். போகும்போது எல்லோரும் சாமானை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். வாடையை யாரும் ஏற்றுவதில்லை.

அந்த வாடையை விரட்ட நம்மவர்கள் முதலில் செய்வது சாம்பிராணி போடுவது, ரூம் ஸ்ப்ரே அடிப்பது, பினாயில் ஊற்றிக் கழுவுவது. மூன்றும் இரண்டு நாள்தான் தாங்கும். ஏன் அதற்குமேல் தாங்குவதில்லை என்று புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வாடை குடியிருப்பது காற்றில் இல்லை

நாம் முகர்வது காற்றில் மிதந்து வரும் மிக நுண்ணிய மூலக்கூறுகளை. அவை மூக்கின் உச்சியில் இருக்கும் நரம்பு முனைகளைத் தொட்டால் மணமோ நாற்றமோ தெரிகிறது. அதனால் நாற்றம் காற்றில் இருக்கிறது, காற்றை மாற்றினால் போய்விடும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வைத்தாலே ஓர் அறையின் காற்று கொஞ்ச நேரத்தில் மாறிவிடும். பழைய குடித்தனக்காரர் விட்ட மூச்சு, அவர் சாமான் ஏற்றிய வண்டி தெருமுனை திரும்புவதற்குள்ளேயே போயிருக்கும். அப்படியும் ஒரு மாதம் பூட்டிக் கிடந்த வீட்டில் வாடை அடிக்கிறதென்றால், உள்ளே ஏதோ ஒரு பொருள் அதைத் தினமும் புதிதாக விட்டுக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம்.

ஊறுகாய் ஜாடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஊறுகாய் தீர்ந்ததும் கழுவி வைத்தால் கண்ணாடியில் வாடையே இருக்காது. பிளாஸ்டிக் மூடியோ எத்தனை முறை தேய்த்தாலும் ஆவக்காய் ஆவக்காய் என்று சொல்லிக்கொண்டிருக்கும். கண்ணாடிக்குள் எதுவும் இறங்க முடியாது. பிளாஸ்டிக்கில் எண்ணெயும் வாசனையும் ஊறிவிடும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். வீடும் இப்படித்தான். பளபளப்பான டைல்ஸ், ஸ்டீல், கண்ணாடி எல்லாம் ஒரு துடைப்பில் சரியாகிவிடும். சுண்ணாம்புப் பூச்சு, டிஸ்டெம்பர் அடித்த சுவர், பாலிஷ் போன மரக்கதவு, டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமெண்ட், பழைய திரைச்சீலை, விட்டுப்போன மெத்தை, இவையெல்லாம் குடித்து வைத்துக்கொள்ளும் ரகம். வெயில் ஏறினால் அதிகமாக விடும். மழைக்காலத்தில் ஈரம் பட்டாலும் விடும். ஆடி மாதம் குடி வந்தபோது இல்லாத வாடை ஐப்பசியில் எங்கிருந்தோ முளைப்பது அதனால்தான்.

ஆக, வேலை இரண்டு. மூலம் எது என்று கண்டுபிடித்து அகற்றுவது ஒன்று. அது ஊறிப்போன பொருளுக்குத் தகுந்த மருந்து போடுவது இன்னொன்று. ஊதுவத்தி இந்த இரண்டில் எதையும் செய்வதில்லை. கூடுதலாக அதன் புகையும் போய் அதே சுவரில்தான் ஒட்டிக்கொள்கிறது.

மூக்கை நம்பலாம், கொஞ்ச நேரத்துக்குத்தான்

எந்த வாடையும் சில நிமிடங்களில் பழகிப்போகும். மூளை அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிடும். வீட்டுக்காரர் 'எனக்கு ஒண்ணும் தெரியலையே' என்று சொல்வது பெரும்பாலும் பொய் இல்லை. அவருக்கு நிஜமாகவே தெரியாது. ராத்திரி முழுக்கக் கதவு ஜன்னல் சாத்தி வைத்துவிட்டு, காலையில் வெளிக்காற்றில் கொஞ்சம் நடந்துவிட்டு வந்து திறந்து பாருங்கள். முதல் நாலைந்து மூச்சில் மூக்கு சொல்வதுதான் சாட்சி. அதற்குமேல் முகர்ந்துகொண்டே நின்றால் குழப்பம்தான் மிஞ்சும். சந்தேகம் வந்தால் வீட்டைப் பார்க்காத ஒருவரைக் கூட்டி வாருங்கள். புகை பிடிக்காதவராக, சளி பிடிக்காதவராக இருந்தால் நல்லது.

அறை தெரிந்ததும் பொருளைத் தேட வேண்டும். வெள்ளைத் துணி ஒன்றை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, சுவரில் ஓர் அடி அகலத்துக்கு அழுத்தித் துடையுங்கள். வெளியே எடுத்து வந்து துணியை முகருங்கள், நிறத்தையும் பாருங்கள். டீத்தூள் நிறத்தில் பழுப்பு இறங்கினால் சிகரெட்டோ பீடியோ. பிசுக்கென்று மஞ்சளாக ஒட்டினால் சமையல் எண்ணெய். சாம்பல் நிறத்தில், மண் வாடையோடு வந்தால் பூஞ்சை. அடுத்து ஃபேனைப் போடுங்கள். போட்ட உடனே வாடை கூடினால் இறக்கையின் மேல்பக்கத்தில் குற்றவாளி இருக்கிறார். ஸ்டூல் போட்டு ஏறிப் பாருங்கள், விரல் நகத்தால் சுரண்டி எடுக்கிற மாதிரி அழுக்கு இருக்கும். ஜன்னல் கொசுவலை, கதவின் மேல் விளிம்பு, சுவிட்ச் போர்டு, டியூப் லைட் பட்டையின் முதுகு, இந்த இடங்களைச் சுத்தம் செய்யாமலேயே பல பேர் வீடு முழுக்கப் பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள்.

காசில்லாமல் தீர்வது ஒன்று

பாத்ரூமிலும் சிங்க் பக்கத்திலும் சாக்கடை நாற்றம் அடித்தால், கையில் எதையும் எடுப்பதற்கு முன் ஒவ்வொரு தண்ணீர் போகும் வாயிலும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். தரையில் சல்லடை மூடிக்குக் கீழே, பிளம்பர்கள் நாணி டிராப் என்று சொல்வார்களே, அந்தக் கிண்ணத்தில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் சாக்கடைக் காற்று வீட்டுக்குள் ஏறாமல் அடைக்கும் மூடி. சிங்க்குக்குக் கீழே வளைந்து போகும் குழாயிலும் அதே ஏற்பாடு. வீடு பூட்டிக் கிடந்தால், அதுவும் நம்மூர் சித்திரை வைகாசியில், அந்தத் தண்ணீர் வற்றிவிடும். அப்புறம் அழுகிய முட்டை வாடையும் கரப்பான்பூச்சியும் ஒன்றாக ஏறி வரும். தண்ணீர் ஊற்றி அடுத்த நாள் வாடை நின்றால் கதை முடிந்தது. நீங்கள் குடிவர இன்னும் நாள் இருந்தால், தண்ணீர் மேல் இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டு வையுங்கள். மெல்லிய படலமாகப் பரவி, தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாமல் காக்கும். தண்ணீர் ஊற்றியும் நிற்கவில்லை என்றால் டிராப் உடைந்திருக்கலாம், அல்லது டிராப்பே வைக்காமல் நேராகக் குழாய் போட்டிருக்கலாம். பிளம்பரைக் கூப்பிட வேண்டியதுதான்.

சமையலறை

எண்ணெய் கொதிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத துளிகளாகப் பறந்து சுவரிலும் கூரையிலும் உட்காரும். காற்று பட்டுப் பட்டு அது பிசினாக இறுகும். அந்த இறுகலின்போது வெளியேறுவதுதான் சிக்கு வாடை. கடுகெண்ணெய், கருவாடு, பெருங்காயம், இறைச்சி மசாலா, எதில் சமைத்திருந்தாலும் வாடையைப் பிடித்து வைத்திருப்பது இந்தப் பிசின்தான். (கடுகெண்ணெய் வாடையைப் பற்றி இங்கே நிறைய பேர் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். வைத்தியத்துக்கு வந்து தங்கும் வங்காளத்துக் குடும்பங்களுக்கு அது பசியைக் கிளப்பும் வாசனை. நம்முடைய கருவாட்டுக் குழம்பு கொதிக்கிற நேரத்தில் அவர்கள் நம் வீட்டு வாசலைத் தாண்டிப் போகும்போது என்ன நினைப்பார்களோ.)

வெறும் தண்ணீர் எண்ணெயைத் தொடாது. மளிகைக் கடையில் சலவை சோடா கிடைக்கும். ஒரு லிட்டர் சூடான தண்ணீருக்கு இரண்டு மேஜைக்கரண்டி போதும். அதன் காரத்தன்மை பழைய எண்ணெயில் ஒரு பகுதியைச் சோப்பாக மாற்றிக் கரைக்கும். இன்னொரு லாபமும் உண்டு: நம் போர் தண்ணீர் கடினமானது, சோப்பு நுரைக்காது, அழுக்கோடு சேர்ந்து வெள்ளைப் படிவாக ஒட்டிக்கொள்ளும். சலவை சோடா அந்தக் கடினத்தையும் குறைத்துவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தோலை அரிக்கும். ஆயில் பெயிண்ட் அடித்த சுவரிலும் டைல்ஸிலும் கீழிருந்து மேலாகத் தடவுங்கள்; மேலிருந்து ஆரம்பித்தால் ஒழுகும் கோடுகள் காய்ந்து தடம் விழும். ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்து, நல்ல தண்ணீரில் இன்னொரு முறை துடைத்துவிடுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கையைக் கழற்றி ஊறப்போடலாம், ஆனால் அலுமினியமாக இருந்தால் வேண்டாம், சலவை சோடா அதைக் கருக்கடித்துவிடும். சுண்ணாம்பு, டிஸ்டெம்பர் சுவரில் இந்த வைத்தியம் ஆகாது, பூச்சே கையோடு வந்துவிடும். அங்கே சுரண்டிவிட்டு மறுபடி அடிப்பதுதான் வழி.

மீன் கவிச்சி வேறு ஜாதி. அதன் மூலக்கூறுகள் காரத்தன்மை உள்ளவை. அமிலம் பட்டால் ஆவியாகாத உப்பாக மாறி அடங்கிவிடும். மீன் கழுவிய கையில் புளியோ எலுமிச்சையோ தேய்க்கிறோமே, அதே கணக்கு. சிங்க், அதைச் சுற்றியுள்ள டைல்ஸ், குப்பைக்கூடை வைத்த மூலை, இங்கெல்லாம் வினிகரில் சரிபாதி தண்ணீர் கலந்து துடைக்கலாம். ஒரு எச்சரிக்கை: கடப்பா கல் மேடை, மொசைக் தரை, மார்பிள் மேல் வினிகரும் எலுமிச்சையும் படக்கூடாது. கடப்பா கல் கருப்பாக இருந்தாலும் சுண்ணாம்புக்கல் இனம்தான். அமிலம் பட்டால் பளபளப்பு போய் வெளுத்துவிடும், வீட்டுக்காரம்மா அட்வான்ஸில் பிடிப்பார்.

புளித்த பால், வியர்வை, பழைய நெய் வாடைக்கு நேர் எதிர் வைத்தியம். அவை அமில வகை, ஆப்ப சோடா சரிப்படும். ஆனால் ஒரு கிண்ணத்தில் சோடா மாவைக் கொட்டி அறை மூலையில் வைத்தால் அறை சுத்தமாகிவிடும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வாடை இருக்கும் பரப்பில் சோடா தொட வேண்டும். அலமாரித் தட்டில், விட்டுப்போன ஃபிரிட்ஜுக்குள், கதவு ரப்பர் மடிப்பில் ஈரத்துணியால் தடவினால் பலன் தெரியும். வெங்காயம் நறுக்கி வைத்தால் வாடையை இழுத்துக்கொள்ளும் என்பார்கள், அதில் வெங்காய வாடைதான் மிச்சம்.

புகை, இருப்பதிலேயே பிடிவாதக்காரன்

சிகரெட் புகையில் இருக்கும் நிகோட்டின் சுவரிலும் தூசியிலும் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் இருக்கும். அமெரிக்காவின் சான் டியாகோவில் செய்து 2011இல் வெளியான ஓர் ஆய்வு நம் விஷயத்துக்கே உரியது. புகை பிடிப்பவர்கள் காலி செய்த வீடுகளில், புகை பிடிக்காதவர்கள் குடிவந்த பிறகு பார்த்தார்கள். இடையில் வீடுகள் சுமார் இரண்டு மாதம் காலியாக இருந்தன, சுத்தம் செய்து பழுதும் பார்த்திருந்தார்கள். அப்படியும் சுவர்ப் பரப்பிலும் தூசியிலும் நிகோட்டின் இருந்தது. குடிவந்தவர்களின் விரல்களிலும் இருந்தது. அதற்கு முந்தைய வருடம், 2010இல், பெர்க்லி ஆய்வகத்தார் இன்னொன்றைக் காட்டினார்கள்: கேஸ் அடுப்பு எரியும்போது உண்டாகும் நைட்ரஸ் அமிலம், சுவரில் ஒட்டிய நிகோட்டினோடு சேர்ந்து புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்களாக மாறுகிறது. தவழும் குழந்தை உள்ள வீட்டில் இதை வெறும் நாற்றப் பிரச்சினையாக விட்டுவிட முடியாது.

குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் பீடி சுற்றிப் பிழைத்த வீடுகளில் புகையே இல்லாமல் இந்த வாடை இருக்கும். புகையிலைத் தூள் தரைப் பிளவிலும் பரணிலும் அண்டியிருக்கும். அங்கே துடைப்பத்தால் பெருக்கினால் தூள் பறந்து மறுபடி சுவரில்தான் உட்காரும். ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். பிளவைச் சிமெண்ட் பாலால் அடைத்துவிடுங்கள்.

புகைச் சுவருக்குப் பெயிண்டர் சொல்லும் வைத்தியம் எல்லோருக்கும் தெரியும். "இன்னா சார், ரெண்டு கோட்டு அடிச்சா எல்லாம் பூடும்." பூடாது. தண்ணீர் கலந்து அடிக்கும் டிஸ்டெம்பரோ எமல்ஷனோ, ஈரத்தில் பழுப்பைக் கரைத்து மேலே இழுத்துக்கொள்ளும். காய்ந்த பிறகு பார்த்தால் வெள்ளைச் சுவரில் தேமல் மாதிரி மஞ்சள் படர்ந்திருக்கும், வாடையும் கூடவே வரும். முதலில் சலவை சோடாத் தண்ணீரில் கழுவி, துணியில் பழுப்பு வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். டிஸ்டெம்பர் என்றால் பழைய பூச்சைச் சுரண்டி, உப்புத்தாள் போட வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு எண்ணெய் வகை பிரைமர் ஒரு கோட் போட்டு உள்ளே இருப்பதைப் பூட்டிவிட்டு, அதற்கு மேல் எந்தப் பெயிண்டும் அடிக்கலாம். கூரையை மறந்துவிடாதீர்கள், புகை மேலே போகிற சாமான். மர அலமாரிக்கு ஆசாரிகள் அடிக்கும் அரக்கு பாலிஷ் இரண்டு கோட் போதும். வாடையை உள்ளேயே அடைத்து வைப்பதில் அரக்கு கெட்டிக்காரன்.

ஈரச் சுவர்

கோடை மழையின் முதல் தூறலில் வரும் மண்வாசனை எல்லோருக்கும் பிடிக்கும். அதற்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருளை, காற்றில் லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். ஈரச் சுவரில் குடியேறும் நுண்ணுயிர்களும் பூஞ்சைகளும் இதையும் இதன் சொந்தக்காரர்களையும் விடுகின்றன. வெளியில் வாசனையாக இருந்தது படுக்கையறையில் மக்கிய வாடையாகிவிடுகிறது.

இதில் சுத்தம் செய்வது இரண்டாம் வேலை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதுதான் முதல் வேலை. மாடித் தொட்டி ஒழுகலா, பாத்ரூம் சுவர் மறுபக்கமா, மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது) போட்ட பழைய கூரையில் விரிசலா? தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை மட்டும் பூச்சு உதிர்ந்து, வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் மண்ணின் ஈரம் அஸ்திவாரம் வழியாக ஏறுகிறது. பாலாற்றுக் கரையோரம் வீடு என்றால், 2021 நவம்பர் வெள்ளத்தில் உள்ளே தண்ணீர் வந்ததா என்று வீட்டுக்காரரிடம் கேட்காமல் பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

உப்பு பூத்த சுவரில் பளபளக்கும் எமல்ஷன் அடிப்பது நோயை மூடி வைத்துத் தையல் போடுகிற வேலை. ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். இந்த இடத்தில் நம் பாட்டன் காலத்துச் சுண்ணாம்புதான் என் கட்சி. போகிக்கு வெள்ளையடிக்கிற வழக்கத்தில் கையிருப்பாக ஒரு விஞ்ஞானம் இருந்தது. நீற்றிய சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சை பிழைக்காது, காய்ந்த பிறகும் சுவர் மூச்சு விடும். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிட்டு (தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போகும்) வெள்ளையடிக்கலாம். ஒழுகல் நிற்காத சுவரில் எதை அடித்தாலும் அடுத்த மழைக்கு அதே கதைதான்.

மூத்திரம், அந்துருண்டை, செத்த எலி

பூனை மூத்திரத்தில் யூரிக் அமிலப் படிகங்கள் உண்டு. அவை தண்ணீரில் சரியாகக் கரையாது. தரையைக் கழுவிவிட்டுப் போய்விட்டது என்று நிம்மதியாக இருப்போம். மேகமூட்டமான நாளில் ஈரம் பட்டதும் திரும்ப வரும். இடத்தைக் கண்டுபிடிக்க, கள்ளநோட்டு பார்க்கும் ஊதா டார்ச் ஒன்று போதும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு அடித்தால் பழைய கறை மஞ்சள் பச்சையாக மின்னும். செல்லப்பிராணி சாமான் விற்கும் கடைகளில் கறையை உடைத்துச் சிதைக்கும் என்சைம் திரவம் கேட்டு வாங்கி, கறை முழுக்க நனையும்படி ஊற்றி, அது தானாகக் காயும்வரை விட்டுவிடுங்கள். அவசரப்பட்டுத் துடைத்தால் வேலை செய்யாது. எலுமிச்சைத் தோலும் வெல்லமும் ஊறவைத்து வீட்டில் செய்கிற பயோ என்சைம் இப்போது பிரபலம். அது பெரும்பாலும் வினிகர் மாதிரி புளிப்புத் திரவம்தான், மீன் வாடைக்கு உதவும், இதற்கு அதை நம்ப வேண்டாம்.

இந்த இடத்தில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மூத்திர வாடை அடிக்கும் இடத்தில் பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள். அமோனியாவும் பிளீச்சிங்கும் சேர்ந்தால் குளோரமைன் என்ற நச்சுவாயு கிளம்பும். டாய்லெட் கழுவும் ஆசிட்டோ வினிகரோ பிளீச்சிங் பவுடரோடு கலந்தால் குளோரின் வாயுவே வரும். சின்ன பாத்ரூமில், கதவைச் சாத்திக்கொண்டு, 'இரண்டும் போட்டால் இன்னும் நன்றாகப் போகுமே' என்று கலப்பவர்கள் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போவது கற்பனை இல்லை. ஒன்றைப் போட்டு, நிறையத் தண்ணீர் விட்டு அலசி, இன்னொரு நாள்தான் இன்னொன்று.

மர அலமாரியில் அந்துருண்டை வாடை ஊறியிருந்தால், இடுக்கில் மிச்சம் கிடக்கும் உருண்டைகளை முதலில் பொறுக்கி எறியுங்கள். நாப்தலின் திடப்பொருளாக இருந்தபடியே நேராக ஆவியாகும் பொருள், தண்ணீருக்கு அசையாது, சூட்டுக்குத்தான் அசையும். அலமாரிக் கதவைத் திறந்து வைத்து வெயிலும் காற்றும் படவிடுங்கள். பிறகு உள்ளே ஆக்டிவேட்டட் கார்பன் (வாடையை உறிஞ்சும்படி பக்குவப்படுத்திய கரி) பொட்டலம் வைக்கலாம். அதன் ஒரு கிராம் துகளுக்குள் இருக்கும் துளைகளை எல்லாம் விரித்தால் 500 சதுர மீட்டருக்கும் மேல் பரப்பு வரும், அதாவது இரண்டு கிரவுண்ட் மனையைவிடப் பெரிது. அடுப்புக்கரிக்கு அந்தச் சக்தியில் சிறு பங்குதான் உண்டு. மூடிய அலமாரிக்குத்தான் இது ஆகும், ஹாலுக்குப் போதாது. ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு என்சைம் பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ள குழந்தைகளுக்கு நாப்தலின் ரத்த அணுக்களை உடைக்கும் என்பதால், வாடை போகும்வரை கைக்குழந்தை துணியை அங்கே வைக்காதீர்கள்.

பரணில் எலியோ பல்லியோ செத்திருந்தால் தேடி எடுப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. எட்டாத இடம் என்றால் காய்ந்து அடங்கும்வரை இரண்டு மூன்று வாரம் பொறுக்க வேண்டும்.

வாடை வெளியிலிருந்து வருகிறது என்றால்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு வட்டாரத்தில் ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்க வேண்டும். தோல் பதனிடும்போது மயிரை நீக்க, சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுவார்கள். அந்தக் கழிவில் அமிலம் சேர்ந்தால் அழுகிய முட்டை வாடையுள்ள ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். ஜன்னலைத் திறந்தால் வாடை கூடி, சாத்தினால் குறைகிறதா? விடியற்காலையில் காற்று அசையாத நேரத்தில் அதிகமா? அப்படியென்றால் உங்கள் சுவர்மேல் தப்பில்லை, எந்தத் துடைப்பமும் உதவாது. வேறு தெரு பாருங்கள். ஷூ தைக்கும் வேலை நடந்த வீடு என்றால் அது வேறு. பசையின் வாடை நல்ல காற்றோட்டத்தில் சில வாரங்களில் போய்விடும், பரணில் தங்கிய தோல் துண்டுகளைக் கூட்டி அள்ளினால் மீதியும் போகும்.

வேலூர் வெயில் நம் பக்கம்

மேயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும் இந்த வெயிலைத் திட்டாத ஆள் இல்லை. வாடை எடுக்க இதைவிட நல்ல கருவியும் இல்லை, அதுவும் இலவசமாக. சூடு ஏற ஏற ஊறிக்கிடக்கும் மூலக்கூறுகள் வேகமாக வெளியே வரும். காலையில் அலமாரிக் கதவுகள், இழுப்பறைகள் எல்லாவற்றையும் திறந்து வைத்து, வெளிக்கதவையும் ஜன்னல்களையும் சாத்திவிடுங்கள். வீடு மதியம் வரை அடுப்பாகக் காயட்டும், உள்ளே யாரும் இருக்க வேண்டாம். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, ஒரு டேபிள் ஃபேனை ஜன்னல் அருகே வெளியே பார்த்து வையுங்கள். சீலிங் ஃபேன் இருக்கிற காற்றையே சுற்றிவிடும், டேபிள் ஃபேன்தான் வெளியே தள்ளும். மூலத்தை அகற்றிய பிறகு இப்படி ஒரு வாரம் செய்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். மூலத்தை வைத்துக்கொண்டு செய்தால் தெருவுக்குத்தான் வாடை. ஓசோன் மெஷின் வைத்து எடுப்பதாகச் சொல்கிறவர்களும் உண்டு. ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதல், ரப்பரையும் வெடிக்க வைக்கும். நான் போகமாட்டேன்.

செலவு யாருடையது என்ற பேச்சு வரும். 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால், சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் வீட்டு உரிமையாளர் பொறுப்பு. சாக்கடை அடைப்பு எடுப்பது வாடகைக்கு இருப்பவர் பொறுப்பு. நடைமுறையில் காலி செய்கிறவரின் அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பெயிண்டுக்கென்று பிடித்துக்கொள்கிறார்கள். அந்தப் பணத்தில் வெறும் இரண்டு கோட் டிஸ்டெம்பர் அடிப்பதற்கு முன் பிரைமரும் சேர்த்து அடிக்கச் சொல்லிக் கேளுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்டால் நடக்கும். சாவி வாங்கிய பிறகு கேட்டால் 'பார்க்கலாம்மா' என்பார்கள்.

பெயிண்ட் அடித்த கையோடு சாமான் இறக்காதீர்கள். புது பெயிண்டும் வாடை விடும், மெத்தையும் துணி மூட்டையும் அதைச் சந்தோஷமாகக் குடித்துக்கொள்ளும். நாலைந்து நாள் திறந்துபோட்டுவிட்டு, முதலில் ஸ்டீல் பாத்திரங்களும் கண்ணாடிச் சாமான்களும் போகட்டும். மரச்சாமானும் மெத்தையும் கடைசி வண்டியில் வரட்டும். பால் காய்ச்ச நல்ல நாள் முன்னாடியே வந்துவிட்டால் அதை மட்டும் செய்துவிட்டுப் பூட்டிக்கொண்டு வந்துவிடலாம், அதற்கு ஒரு பாத்திரமும் அடுப்பும் போதும்.